இரண்டாவது கரு

கருத்தரிப்பு மருத்துவமனையில் எல்லோரும் அவளைப் பூனை என்றுதான் கூப்பிட்டார்கள். ஆய்வகத்துக்குள் ரப்பர் செருப்போடு சத்தமில்லாமல் நடப்பாள், கேட்டால் ஒழியப் பேசமாட்டாள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவள் கண். மைக்ராஸ்கோப்பில் ஒரு கருவைப் பத்து விநாடி பார்த்தால் போதும், மதிப்பெண் சொல்லிவிடுவாள். மற்றவர்கள் குமிழைத் திருகித் திருகிக் குழம்புவதை அவள் ஒரே பார்வையில் முடித்துவிடுவாள். "பூனைக் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது" என்று பெரிய டாக்டர் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் சொல்வார். அதைக் கேட்கும்போது அவள் தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளுக்குள் பிடிக்கும்.

ஆய்வகத்துக்கு ஜன்னல் கிடையாது. விளக்கு மங்கலாகத்தான் எரியும். வாசனை கருவுக்கு ஆகாது என்பதால் வாசனை சோப்பு போட்டுக் குளித்துவிட்டுக்கூட உள்ளே வரக் கூடாது. சுவரோரம், கருக்களைச் சூட்டில் வைத்திருக்கும் மூன்று இன்குபேட்டர்கள். ஒன்றில் மட்டும் கேமரா உண்டு. அது உள்ளே இருக்கும் கருக்களைப் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஐந்து நாள் படங்களைச் சேர்த்து ஓட்டினால் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஐந்து பேருக்குக் கருப்பையில் கரு வைக்க வேண்டியிருந்தது. முதலில் டீச்சருடையது. டீச்சருக்கு நாற்பத்தொரு வயது. பள்ளியில் புவியியல் எடுப்பவர். இது நான்காவது முயற்சி. இதுதான் கடைசி, இதற்கு மேல் உடம்பும் தாங்காது மனசும் தாங்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் ஊசியைத் தொடங்கியிருந்தார். ஏழு முட்டை எடுத்ததில் ஐந்து கருவாகின. ஐந்தாம் நாளுக்கு வந்து சேர்ந்தவை இரண்டு.

ஐந்தாம் நாள் கரு என்பது மெல்லிய ஓட்டுக்குள் இருக்கும், நீர் நிரம்பிய ஒரு பந்து. எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதற்கு ஓர் எண். உள்ளே குழந்தையாகப் போகும் செல் திரளுக்கு ஓர் எழுத்து. சுற்றுச்சுவருக்கு இன்னோர் எழுத்து. அவ்வளவுதான் மதிப்பெண். பூனை ஏழு ஐம்பதுக்குக் கேமரா இன்குபேட்டரிலிருந்து கருக்கள் இருந்த சின்னத் தட்டை, டிஷ்ஷை, எடுத்து வைத்துப் பார்த்தாள். முதல் கரு நாலு ஏபி. நல்ல கரு. இரண்டாவது, ஓட்டுக்குள் ஓரமாக ஒட்டிக்கிடந்த கறுத்த உருண்டை. ஊற வைக்காத பயறு போல இருந்தது. "சிதைவு" என்று எழுதினாள்.

சுருங்கிக் கிடக்கும் கருவுக்கு ஒரு விதி உண்டு. சில கருக்கள் மூச்சு விடுவதுபோல உப்பும், திடீரென்று வற்றும், மறுபடி உப்பும். அதனால் வற்றிக் கிடந்தால் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த விதியை அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். செத்ததற்கும் வற்றியதற்கும் எனக்கா வித்தியாசம் தெரியாது என்று அன்றைக்கு அவள் நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை. அடுத்த டிஷ்ஷை எடுத்தாள்.

பெரிய டாக்டரின் அறையில் டீச்சரும் அவர் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். பூனை கதவோரம் நின்றாள்.

"நேத்து ரெண்டு இருக்குன்னீங்களே டாக்டர்" என்றார் டீச்சர்.

"நேத்து ரெண்டு. இன்னைக்கு ஒண்ணுதான் தேறியிருக்கு. ஆனா அது நல்லா இருக்கு. ரெண்டாவது கொஞ்சமாவது சுமாரா இருந்திருந்தா சேத்தே வச்சிருப்பேன்."

டீச்சர் பூனை பக்கம் திரும்பினார். "நீங்கதான் மார்க் போடறவங்களா?"

"ஆமா டீச்சர்."

"நானும் அதே பிழைப்புதான். என் கிளாஸ்ல ஒருத்தன் வருஷா வருஷம் மேப்பைத் தலைகீழா ஒட்டி வைப்பான். அவனையே அஞ்சு மார்க்கு சேத்துப் போட்டு மேல தள்ளி விட்டுட்டேன். உங்ககிட்ட கருணை மார்க்கெல்லாம் கிடையாதா?"

"சும்மா இரும்மா. அவங்களே பயந்த சுபாவமாத் தெரியறாங்க" என்றார் கணவர்.

"நான் என்ன கடிச்சா வைக்கப் போறேன்?"

கணவர் லிப்ட் மெக்கானிக். நகம் ஓரமெல்லாம் கிரீஸ் கறை. அவர் வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு குறை சொல்லாமல் போகமாட்டார். அன்றைக்கும் டாக்டரிடம், "உங்க லிப்டு மூணாவது மாடியில அரை இஞ்ச் ஏறி நிக்குதுங்க. வாயும் வயிறுமா இருக்கறவங்க வந்து போற இடம். சொல்லி வையுங்க" என்றார். பேச்சை வேறு பக்கம் திருப்பத்தான் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

தேறாத கருவை அப்புறப்படுத்தலாம் என்று ஒரு படிவம் உண்டு. டீச்சர் அதில் கையெழுத்துப் போட்டார். மேஜை மேல் பேனாவை வைத்துவிட்டு, "சரி, அந்த ஒத்தையவே நம்புவோம்" என்றார்.

கரு வைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்கேன் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அதுதான் என்று டாக்டர் காட்டினார். டீச்சர் கணவரின் கட்டைவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பகல் பன்னிரண்டே காலுக்கு, எல்லா வேலையும் முடிந்தபின், பூனை இன்குபேட்டரைத் திறந்து டீச்சரின் டிஷ்ஷை வெளியே எடுத்தாள். ஆய்வகத்தில் எதை எடுத்தாலும், வைத்தாலும், எறிந்தாலும் பக்கத்தில் இரண்டாவது ஆள் நின்று பேரையும் நம்பரையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பல வருஷமாக இந்த வேலையைச் செய்து செய்து அங்கே நிற்பவருக்குச் சாட்சி என்றே பேர் நிலைத்துவிட்டது. "கல்யாணத்துக்கு வர்ற சாட்சிக்காவது சாப்பாடு உண்டு. எனக்கு நின்னுக்கிட்டே டீ" என்று புலம்புவார். அன்றைக்கும் மூடியில் இருந்த பேரைப் படித்தார், நம்பரைப் படித்தார். இரண்டும் சரியாக இருந்தன. பூனை டிஷ்ஷைக் குப்பையில் போட்டாள். சாட்சி கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமைகளில் அந்த வாரத்துப் படங்களைப் பிரதி எடுத்து வைக்கும் வேலை. எந்தக் கரு எத்தனை மணிக்கு இரண்டாகப் பிரிந்தது, எத்தனை மணிக்கு நாலானது என்று படத்தை ஓட்டிப் பார்த்துக் குறிக்க வேண்டும். பூனை டீச்சரின் இரண்டாவது கருவை ஓட்டினாள். இரண்டு, நாலு, எட்டு. ஐந்தாம் நாள் விடியும்போது அது நன்றாக உப்பியிருந்தது. ஏழு நாற்பதுக்கு ஒரே படத்தில் பொசுக்கென்று வற்றியது. ஏழு ஐம்பது படம் இல்லை. அப்போது டிஷ் அவள் கையில் இருந்தது. எட்டு மணிக்கும் கறுத்த உருண்டை. எட்டரைக்கு ஓரத்தில் ஒரு வெளிச்சம். ஒன்பதுக்கு அது பிறை அளவுக்கு வந்தது. பத்து இருபதுக்குக் கரு ஓட்டின் உட்புறத்தை முட்டிக்கொண்டு நின்றது. பதினொன்று நாற்பது படத்தில் உள்ளே செல் திரள் தெளிவாக, ஓர் ஓரமாக, பத்திரமாகத் தெரிந்தது. பன்னிரண்டு பத்து படத்திலும் இருந்தது. அதற்கப்புறம் கறுப்பு.

அவள் மறுபடி ஓட்டினாள். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவினாள். கையில் எதுவும் இல்லை.

"அண்ணா, இங்க வாங்க."

சாட்சி வந்து பார்த்தார். அவருக்குக் கருவின் மதிப்பெண் எல்லாம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வற்றியது உப்பியது என்பதைக் காண எந்தப் படிப்பும் தேவையில்லை.

"நாம எத்தனை மணிக்கு எடுத்தோம்?" என்றார்.

"பன்னெண்டே கால்."

"பேரும் நம்பரும் சரியாத்தானே இருந்துச்சு" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது எப்படியோ இருந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் மூடியத்தான் பாத்தேன் பூனை. உள்ள பாக்கறது என் வேலை இல்லன்னு விட்டுட்டேன்."

"அது என் வேலைதான்ணா."

பெரிய டாக்டர் படத்தை ஒரே ஒரு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்க?"

"ஒன்பது."

"இப்படி வத்தி உப்பற கரு கர்ப்பப்பையில ஒட்டறது கம்மின்னு உனக்கே தெரியும்."

"கம்மிதான் டாக்டர். இல்லைன்னு இல்ல."

"முதல்ல ரிசல்ட் வரட்டும். ஒட்டிடுச்சுன்னா இந்தப் பேச்சுக்கே இடமில்ல."

"ஒட்டலைனா?"

"ஒட்டலைனா அவங்க ஏற்கெனவே அழுதுக்கிட்டு இருப்பாங்க. அதுக்கு மேல நீ கொண்டுபோய் என்னத்த வைக்கப் போற?" டாக்டர் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார்.

ரிசல்ட்டுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் அவள் டீச்சருக்காக வேண்டிக்கொண்டாள் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தனக்காக. அந்த முதல் கரு ஒட்டிவிட்டால் தன் தப்பு தப்பே இல்லாமல் கரைந்துபோகும். ஏபி, ஏபி என்று பல் விளக்கும்போதுகூட மனசுக்குள் ஓடியது.

வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும். அவள் உள்ளே நுழைந்ததும், "இன்னைக்கு எத்தனை பேரப்புள்ளைங்கள அடுப்புல வச்சுட்டு வந்த?" என்பது அம்மாவின் வழக்கமான கேள்வி. அந்த வாரம் அவள் எதற்கும் பதில் சொல்லவில்லை. நாலாம் நாள் அம்மா தட்டை அவள் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"யாரையாவது பாத்து வச்சிருந்தா சொல்லித் தொலை. நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்? இந்த மூஞ்சிய எத்தனை நாள் பாக்கறது?"

"அதெல்லாம் இல்லம்மா. வேலையில ஒரு தப்பு நடந்துடுச்சு."

"பெருசா?"

பூனை யோசித்தாள். "ரெண்டு தலைமுடி அகலம் இருக்கும்."

"போடி இவளே. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று அம்மா எழுந்து போனாள்.

வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஒட்டியிருந்தால் கர்ப்ப ஹார்மோன் நூறைத் தாண்டியிருக்கும். இரண்டுக்கும் கீழே இருந்தது. பெரிய டாக்டரே டீச்சருக்குப் போன் செய்து சொன்னார்.

பத்து நாள் கழித்து டீச்சர் தன் சிகிச்சை ஃபைலை வாங்கிப்போக வந்தார். வாங்கிக்கொண்டு நேரே மாடியேறி வந்து ஆய்வகத்து மணியை அடித்தார். பூனை வெளியே வந்ததும், "உங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். முகம் மெலிந்திருந்தாலும் தெளிவாக இருந்தது. "நாங்க நிறுத்திட்டோம்மா. அவரு தொட்டில் கட்டில் போடறதுக்குன்னு ஒரு ரூமை அளந்து வச்சிருந்தாரு. அதுல இப்ப என் பேப்பர் கட்டெல்லாம் அடுக்கியாச்சு. அவரே அடுக்கிக் குடுத்தாரு. ரெண்டு பேரும் சேந்து ரொம்ப நாளைக்கப்புறம் நல்லாத் தூங்கினோம்."

"சரிங்க டீச்சர்."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அந்த ரெண்டாவது இருந்துச்சே, அது என் முட்டையோட கோளாறுதானே? வயசாயிடுச்சு, கெட்டுப்போச்சு, அப்படித்தானே? அதை நீங்க உங்க வாயால சொல்லிட்டீங்கன்னா மனசு ஆறிடும்."

"ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சர் கேட்டு வந்ததும் அதைத்தான். தொண்டை வரை வந்தது. ஆனால் பூனை ஒன்பது வருஷமாக ஒரு கருவைப் பற்றியும் பொய்யான எழுத்தை எழுதியதில்லை. தப்பாக எழுதியது ஒன்றுதான்.

"இல்ல டீச்சர்" என்றாள். "அது கெட்டுப்போகல. நான் தப்பாப் பாத்துட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். நின்றபடியே, தரையைப் பார்த்துக்கொண்டே, எந்தெந்த மணிக்கு என்ன என்று ஒன்று விடாமல் சொன்னாள். டீச்சர் கேட்டு முடித்து, "படம் இருக்கா?" என்றார்.

ஆய்வகத்துக்கு வெளியே இருந்த சின்ன அறையில் கணினி இருந்தது. டீச்சர் மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை பதினொன்று நாற்பதில் நிறுத்தச் சொன்னார்.

"இது நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"எவ்வளவு போடுவீங்க இதுக்கு?"

"நாலு பிபி."

"அது பாஸா?"

"பாஸ்தான். வச்சிருக்கலாம். உறைய வச்சாவது வச்சிருக்கலாம்."

பூனை திட்டுக்காகக் காத்திருந்தாள். கன்னத்தில் ஓர் அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். டீச்சர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. பூனைக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது.

"அப்ப எனக்கு நல்ல கரு வருது" என்றார் டீச்சர்.

வந்தது என்று சொல்லவில்லை. வருது என்றார். பூனை அந்த இடத்தில் பேசியிருக்க வேண்டும். ஒரு தடவை வந்தது டீச்சர், ஐந்தில் இரண்டு, ஒன்று ஒட்டவில்லை, மற்றது வற்றி உப்பியது, அடுத்த தடவை வரும் என்பதற்கு இது அத்தாட்சி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டீச்சர் அவளைத் திட்டவில்லை. அந்த நிம்மதியில் அவள் வாய் அடைத்துப்போயிற்று. டீச்சர் தன் போனை எடுத்து, "ஒரு தடவை ஓட்டுங்க, எடுத்துக்கறேன்" என்றபோதும் மறுக்கவில்லை. ஓட்டினாள்.

அடுத்த வாரம் கணவர் வந்தார். தனியாக, வேலைப் பையோடு, மாடிப்படி அருகே அவளுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"திட்டணும்னுதான் வந்தேன்" என்றார். "வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். வந்து உங்களப் பாத்ததும் வரமாட்டேங்குது."

"திட்டுங்க சார். தப்பு என்னோடதுதான்."

"தப்பு ஆகுங்க. அதுக்கு நான் வரல. நானே ஒரு அம்மாவ லிப்டுக்குள்ள ரெண்டு மாடிக்கு நடுவுல ரெண்டு மணி நேரம் நிக்க வச்சிருக்கேன். என்னால எந்த ஞாயமும் பேச முடியாது." பையைத் தரையில் வைத்தார். "அவ மறுபடி ஊசி போட்டுக்கணும்ங்கறா. டாக்டர்கிட்ட பேசியும் முடிச்சுட்டா."

பூனை அந்தப் பையையே பார்த்தாள்.

"அந்தப் படத்தை போன்ல வச்சிருக்கா. பஸ்ல பாக்கறா, ஸ்கூல்ல பாக்கறா, அடுப்புகிட்ட நின்னுக்கிட்டுப் பாக்கறா. வத்தற எடம் வந்ததும் தள்ளி விட்டுடறா. உப்பறதை மட்டும்தான் பாக்கறா." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மாட்டிக்கிட்டு நிக்கறவங்ககிட்ட இதோ வந்துடும், இதோ வந்துடும்னு சொல்லக் கூடாதுங்க. எங்க தொழில்ல அது முதல் பாடம். ஆகாதுன்னா ஆகாது, நேரமாகும்னா நேரமாகும். சொல்லிட்டா கீழ உக்காந்துடுவாங்க. சொல்லலைனா கதவைப் புடிச்சுக்கிட்டே நிப்பாங்க."

"நான் அப்படிச் சொல்லல சார்."

"சொல்லல. சும்மா இருந்தீங்க. அவளுக்கு அது போதும்."

அன்று சாயங்காலம் அவள் டீச்சருக்குப் போன் செய்தாள். வாழ்க்கையில் அவளாக யாருக்கும் போன் செய்து அறிவுரை சொன்னதில்லை. எழுதி வைத்துக்கொண்டு படித்தாள். நாற்பத்திரண்டு ஆகப் போகிறது, முட்டை குறைந்துகொண்டே வருகிறது, போன முறை வந்ததுபோல வரும் என்று எண்ண முடியாது, நூற்றில் நாலைந்து பேருக்கு நடந்தால் பெரிது.

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க எனக்காகத்தான் சொல்றீங்கன்னு தெரியுதும்மா. ஆனா இதே மாதிரிதான் அன்னைக்கும் சிதைவுன்னு எழுதினீங்க. அது உப்பிக்கிட்டு வந்துச்சே."

பூனைக் கண்ணை டீச்சர் இனி நம்பப் போவதில்லை. நம்பாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான்.

மூன்று மாதத்தில் டீச்சர் மறுபடி வந்தார். வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. வீங்கிய காலை இழுத்து இழுத்து நடந்தார். மூன்று முட்டை கிடைத்தது. இரண்டு கருவானது. மூன்றாம் நாளே ஒன்று நின்றுவிட்டது. மற்றது ஐந்தாம் நாள்தான் ஒரு திரளாகச் சேர்ந்தது. ஆறாம் நாள் நடுவில் சின்னதாக நீர் தெரிந்தது. பூனை போன் செய்து, "இன்னும் சொல்ற மாதிரி இல்ல டீச்சர். மெதுவாத்தான் போகுது" என்றாள். "மெதுவா வரட்டும், அவசரமில்ல" என்றார் டீச்சர். ஏழாம் நாள் சாயங்காலம் வரை வைத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் எந்த ஆய்வகத்திலும் பார்ப்பதில்லை.

ஏழாம் நாள் காலை அது வற்றியிருந்தது.

அன்றைக்கு அவளுக்கு வேறு வேலை எதுவும் போடவில்லை. சாட்சி பேசி ஏற்பாடு செய்திருந்தார். அவள் திரையின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு படம். ஒவ்வொன்றையும் முந்தையதோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். ஒன்பது மணிக்குச் சுற்றுச்சுவரில் ஒரு செல் பிய்ந்து தனியாக நின்றது. பத்தரைக்கு இன்னும் மூன்று. பதினொன்றுக்கு உள்ளே எது திரள், எது தூள் என்று பிரிக்க முடியவில்லை. ஓர் ஓரத்தில் வெளிச்சம் வருகிறதா என்று அவள் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தாள். வரவில்லை.

"போய்ச் சாப்பிட்டுட்டு வா. நான் உக்காந்திருக்கேன்" என்றார் சாட்சி.

"இருக்கட்டும்ணா."

"நீ மொறச்சுப் பாத்தா அது உப்பிடுமா?"

அவள் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. சற்று நேரம் பக்கத்தில் நின்றுவிட்டு ஒரு டீயை வெளி அறையில் வைத்து மூடிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் நாலு வரை பார்த்தாள். பிறகு சாட்சியைக் கூப்பிட்டு, "அண்ணா, நீங்களும் உள்ள பாருங்க" என்றாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதே."

"தெரிஞ்ச வரைக்கும் சொல்லுங்க."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். காலையிலிருந்து வந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "உடைஞ்சுக்கிட்டேதான் போகுது" என்றார்.

அவள் போனை எடுத்தாள். முதல் மணியிலேயே டீச்சர் எடுத்தார்.

"டீச்சர், முடிஞ்சிடுச்சு."

"வத்தியிருக்கா?"

"வெறுமனே வத்தல டீச்சர். செத்துப்போச்சு."

அந்த வார்த்தையை ஆய்வகத்தில் யாரும் நோயாளிகளிடம் சொல்வதில்லை. நின்றுவிட்டது என்பார்கள், தேறவில்லை என்பார்கள்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் பாத்துட்டு..." என்றார் டீச்சர்.

"காலையிலேர்ந்து பக்கத்துலதான் இருக்கேன். போன தடவை நான் பாக்கல. இந்தத் தடவை பாத்தேன். ஒவ்வொரு படமும் பாத்தேன். செத்துப்போச்சு டீச்சர்."

"இப்ப எங்க இருக்கு அது?"

"உள்ளதான். சூட்டுலதான் இருக்கு."

"நாங்க வர்ற வரைக்கும் வெளிய எடுக்காதீங்க."

ஐந்து மணிக்கு வந்தார்கள். டீச்சர் புடவையைக்கூட மாற்றாமல் பள்ளியிலிருந்து அப்படியே வந்திருந்தார். கை விரல்களில் சாக்பீஸ் தூள். அவர் எதுவும் கேட்காமல் சின்ன அறையில் திரை முன்னால் உட்கார்ந்தார். கணவர் சுவரில் சாய்ந்து நின்றார். பூனை காலையிலிருந்து வந்த படங்களை ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டு, இப்போதைய படத்தில் நிறுத்தினாள்.

"இதுதானா?"

"இதுதான் டீச்சர்."

அடுத்த படம் வந்தது. டீச்சர் முன்னால் குனிந்து பார்த்தார். எந்த மாற்றமும் இல்லை. அதற்கடுத்த படத்துக்குப் பத்து நிமிடம். அது வந்தபோது ஓரத்தில் இருந்த இன்னொரு துண்டும் கழன்றிருந்தது. மூன்றாவது படத்துக்கும் காத்திருந்தார். போனை எடுத்துப் படம் பிடிக்கவில்லை. பை மடியில் அப்படியே கிடந்தது. மூன்றாவது படமும் வந்தது.

"ஏங்க, நீங்க பாத்தீங்களா?" என்றார் டீச்சர், திரும்பாமலே.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் கணவர்.

"ஒண்ணும் இல்ல, இல்ல?"

"இல்லம்மா."

டீச்சர் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூனையிடம், "எடுத்துடுங்க" என்றார்.

பூனை எழுந்து ஆய்வகத்துக்குள் போனாள். வழக்கமாகச் சாத்தும் கதவை அவள் சாத்தவில்லை. சாட்சி பக்கத்தில் வந்து நின்றார். இன்குபேட்டரின் மூடியைத் திறந்து அவள் டிஷ்ஷை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் அதன் சூடு தெரிந்தது. சாட்சி தொண்டையைச் செருமிக்கொண்டு மூடியில் எழுதியிருந்த பேரை வாய்விட்டுப் படித்தார்.

"நான்தான்" என்றார் டீச்சர், வெளியே இருந்து.

சாட்சி அப்படியே நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் அந்தப் பேருக்கு யாரும் பதில் சொன்னதில்லை. பூனை டிஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்றுப் பொறுத்து அவர் நம்பரையும் படித்தார்.